கிலோவுக்குப் புள்ளி ஒன்று

17-8-2005: எடை 48 கிலோ. மருந்து நாளுக்கு 5 மில்லிகிராம்.
21-2-2006: எடை 54. மருந்து 4.
14-11-2006: எடை 61. மருந்து 3.
15-11-2006: எடை 61. மருந்து 6.
23-1-2007: எடை 63. மருந்து 3.
24-1-2012: எடை 53. மருந்து 2.

இந்த ஆறு வரிகளில் நாலாவது வரி மட்டும் டாக்டர் எழுதிக் கொடுத்ததல்ல. அது பழனிவேல் தானாகப் போட்ட கணக்கு. ஒரே இரவில் மருந்து இரண்டு மடங்கான கதையைச் சொல்வதற்கு முன்னால், அவர் என்ன வேலை பார்த்தார், அவர் வயிற்றுக்குள் இருந்த சிறுநீரகம் யாருடையது என்ற இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

கடலூர் முதுநகரைத் தாண்டித் தெற்கே வந்தால் சிப்காட் தொழிற்பேட்டை. அந்தச் சாலையோரம் லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்று உண்டு. வண்டி அப்படியே மேலே ஏறி நிற்கும்; பக்கத்து அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும். காலி வண்டிக்கு ஒரு எடை, சரக்கோடு ஒரு எடை. கழித்தால் வருவது சரக்கு. லாரி வாடகையும் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். கனம் ஏற ஏறத் தொகையும் ஏறும். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அந்த அறையில்தான் பழனிவேல் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தார். பிறந்தது குமராட்சிப் பக்கம், நெல் விளைவிக்கிற குடும்பத்தில். குடியிருந்தது சிதம்பரத்தில், மனைவி சந்திரலேகாவோடு. காலையில் பஸ் ஏறி வருவார், பொழுது சாயும்போது பஸ் ஏறிப் போவார்.

லாரிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சரக்கோடு நிறுக்கும்போது டிரைவரும் கிளீனரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வார்கள். காலி வண்டியை நிறுக்கும்போது இறங்கி நிற்பார்கள். இரண்டு ஆள் கனம் சரக்கோடு சேர்ந்துவிடும். பழனிவேல் மேடையில் அது நடக்காது. மழை கொட்டினாலும் இரண்டு தடவையும் எல்லோரும் இறங்கியாக வேண்டும். "இவுரு மேடையில ஏறுறதுக்கு முன்னாடி பாக்கெட்டுல இருக்கற பீடிக்கட்டையும் கீழ வச்சுடணும்டா" என்று டிரைவர்கள் அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் சிரித்துக்கொண்டு சீட்டைக் கிழிப்பார்.

அவரிடம் இன்னொரு குணமும் இருந்தது. கம்பெனியிலிருந்து வரும் தாளில் எண் தப்பாக இருந்தால் அதை உரக்கச் சொல்ல மாட்டார். டிரைவர்கள் முன்னால் ஒரு குமாஸ்தாவைத் தலைகுனிய வைப்பானேன் என்று நினைப்பார். சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதி, ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டு, தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்காகவே கம்பெனிக்காரர்களுக்கு அவர்மேல் மரியாதை. பின்னால் அவரைக் குப்புறத் தள்ளியதும் இந்த மரியாதைக் குணம்தான்.

2004-இல் கால் வீங்கியது. சாப்பிட்டது தங்கவில்லை. ரத்தம் சோதித்துப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போய்விட்டது தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தார். ஆள் குச்சியாகிவிட்டார். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைக்கலாம் என்று டாக்டர் சுப்பிரமணியன் சொன்னார். சந்திரலேகாவின் ரத்த வகை ஒத்துவரவில்லை. ஒத்துவந்தது அக்கா தில்லையம்மாளுடையது.

தில்லையம்மாள் தம்பியைவிட ஆறு வயது மூத்தவள். எடைமேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கணவர் தங்கராசுவோடு சேர்ந்து மெஸ் நடத்திக்கொண்டிருந்தாள். ஆலைத் தொழிலாளர்களும் லாரிக்காரர்களும் மத்தியானம் வரிசையில் நிற்கும் மெஸ் அது. ஆளும் மெஸ்ஸுக்குத் தகுந்த ஆள், எண்பத்தொரு கிலோ. உறவுக்காரர்கள் யோசிக்கச் சொன்னார்கள். தங்கராசு இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். தில்லையம்மாள் யோசித்ததாகவே தெரியவில்லை. கல்லாவில் ஆளை உட்கார வைத்துவிட்டு, சோறு வடிக்கிறவளிடம் ஒரு மாதத்துக்கான விவரத்தைச் சொல்லிவிட்டு, கொழுந்தனார் கல்யாணத்துக்குப் போகிறவள் போலப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

17-8-2005 அன்று ஆபரேஷன் நடந்தது. அன்று காலையில் பழனிவேலின் எடை நாற்பத்தெட்டு. அந்த எண்ணைத்தான் நர்ஸ் அவருடைய ஃபைல் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினாள்.

மற்றவர் உறுப்பு உள்ளே வந்ததும் உடம்பு அதை எதிரியாக நினைத்துத் தாக்கப் பார்க்கும். அதை அடக்கி வைக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். டாக்ரோலிமஸ் என்பது அதில் முக்கியமானது. குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் இதையெல்லாம் விளக்கிச் சொன்னார்தான். ஆனால் பாதி மயக்கத்தில் கிடந்த பழனிவேலின் காதில் தெளிவாக விழுந்தது ஒரே ஒரு வாக்கியம். டாக்டர் நர்ஸிடம் சொன்னது அது.

"நாப்பத்தெட்டு கிலோ. கிலோவுக்கு பாயிண்ட் ஒன்னு. அஞ்சு மில்லிகிராம். காலையில ரெண்டரை, ராத்திரி ரெண்டரை."

அந்த ஆஸ்பத்திரியில் அத்தனை நாளில் அவருக்கு முழுசாகப் புரிந்த பேச்சு அதுதான். மற்றதெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். இது அவருடைய தொழில் பாஷை. கனம் இவ்வளவு, கனத்துக்கு இவ்வளவு வீதம், பெருக்கினால் இவ்வளவு. மனசுக்கு இதமாக இருந்தது. கிலோவுக்குப் புள்ளி ஒன்று என்பதை ஒரு மந்திரம் போலப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் எடைமேடைக்குத் திரும்பினார். முகத்தில் முகமூடி, பையில் கொதித்து ஆறிய தண்ணீர். காலை எட்டு மணிக்கு மாத்திரை. பஸ் அப்போது புதுச்சத்திரம் வந்திருக்கும். இரவு எட்டுக்கு வீட்டில். மத்தியானச் சாப்பாடு மட்டும் அக்காவின் மெஸ்ஸில். ஆஸ்பத்திரியில் சொன்னபடி அவருக்கென்று தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில், சுடச்சுடச் சமைத்தாள் தில்லையம்மாள். அதில் ஒரு குறையும் இல்லை. அளவில்தான் வந்தது வம்பு.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அவளுடைய சிறுநீரகம் எண்பத்தொரு கிலோ உடம்பில் இருந்து பழகியது. அதைக் கொண்டுபோய் நாற்பத்தெட்டு கிலோவில் வைத்தால் அதற்கு எப்படிச் செரிக்கும்?

"அது பெரிய வீட்டுல வாழ்ந்ததுடா. உன் குச்சி ஒடம்புல முட்டிக்கிட்டு கெடக்கு. கொஞ்சம் எடம் பண்ணிக் குடு" என்று சொல்லி இரண்டாவது தடவை சோறு போடுவாள். சங்கரா மீன் குழம்பு, முட்டை, உருளைக்கிழங்கு, நெய். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையும் பசியைக் கிளப்பியது. ஒரு வருஷமாக வாய்க்கு ருசியே தெரியாமல் கிடந்தவர் அவர். இலையை வழித்துச் சாப்பிட்டார். கன்னம் உப்பியது. சட்டைப் பொத்தான் மாட்டவில்லை. லாரிக்காரர்கள், "அண்ணனையும் மேடையில ஏத்தித்தான் பாக்கணும்" என்றார்கள். எடைமேடையில் எண் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் நகரும். அதனால் அவர் அரிசிக்கடைத் தராசில் ஏறி நின்று பார்த்துக்கொள்வார். ஐம்பத்து நாலு. ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று.

எடை ஏறியது. ஆனால் ஒவ்வொரு தடவை புதுச்சேரிக்குப் போகும்போதும் டாக்டர் மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஐம்பத்து நாலு கிலோவுக்கு ஐந்தரை மில்லிகிராம் வர வேண்டும், நாலுதான் எழுதினார். அறுபத்தொன்றுக்கு ஆறு வர வேண்டும், மூன்று எழுதினார். சரக்கு ஏற ஏற வாடகை இறங்குகிற அதிசயத்தைப் பழனிவேல் பதினெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. எங்கேயோ தவறு நடக்கிறது என்று உள்ளுக்குள் அரித்தது.

14-11-2006 அன்று அந்தத் தவறைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். டாக்டர் மேஜையில் அவருடைய ஃபைல் கிடந்தது. அட்டையில் அதே பெரிய எழுத்தில், எடை 48. ஒன்றேகால் வருஷமாக யாரும் அதை மாற்றவில்லை. ஆகா, இவர்கள் பழைய எடையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள், அதுதான் சங்கதி என்று அவருக்குப் பட்டது. கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அறைக்குள் நாலு மாணவ டாக்டர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால், உயிர் கொடுத்த மனிதரைப் பார்த்து உங்கள் கணக்குத் தப்பு என்று எப்படிச் சொல்வது? தாளைப் பக்குவமாக மடித்துப் பையில் வைத்தார். எடைமேடையில் செய்வது போலத் தானே சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டார்.

மருந்து குறையக் குறைய மிச்சமான மாத்திரைகள் வீட்டில் இருந்தன. பழைய சீட்டும் இருந்தது. அடுத்த நாளிலிருந்து காலையில் மூன்று, இரவில் மூன்று. சந்திரலேகா கவனித்துக் கேட்டாள். எடை ஏறிவிட்டதல்லவா, அதற்குத் தகுந்தபடி என்று சொன்னார். எண்கள் சம்பந்தப்பட்ட எதிலும் அவள் கணவரை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அக்காவின் சிறுநீரகத்துக்கு ஒரு குறைவும் வரக் கூடாது என்ற ஒரே நினைப்புதான் அவருக்கு. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

ஒரு மாதம் போவதற்குள் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. டீ கிளாஸ் தட்டில் மோதி ஓசைப்படும். சீட்டில் கையெழுத்து கோணலாக விழுந்தது. "அண்ணே, நீங்க போடுற அஞ்சு ஆறு மாதிரி இருக்கு, கம்பெனியில கேக்கறாங்க" என்று ஒரு டிரைவர் சீட்டைத் திருப்பிக்கொண்டு வந்தபோது அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. குளிர் காலம், வயசாகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

23-1-2007 அன்று அக்காவும் தம்பியும் சேர்ந்தே புதுச்சேரிக்குப் போனார்கள். சிறுநீரகம் கொடுத்தவள் என்பதால் அவளுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை உண்டு. அவளுடைய எண்கள் எல்லாம் நன்றாக இருந்தன. அவருடையதுதான் கெட்டிருந்தது. சிறுநீரகம் கழிவை ஒழுங்காக வெளியேற்றுகிறதா என்று காட்டுகிற கிரியாட்டினின் என்ற எண், ஒரு வருஷமாக 1.2 என்று நின்றது, இப்போது 1.9. உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளப் பார்க்கிறதோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். தில்லையம்மாளின் கை தன்னையறியாமல் இடுப்புத் தழும்பின் மேல் போய் நின்றது.

டாக்டர் எழுதிக்கொண்டே தாளை நீட்டினார். பழனிவேல் வாங்கினார். தாள் படபடத்தது. மின்விசிறியால் அல்ல. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் நீட்டிக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, டாக்ரோலிமஸ் எத்தனை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

தில்லையம்மாள் முந்திக்கொண்டாள். "நீங்க எழுதிக் குடுத்தபடிதான் டாக்டர். அதுல ஒரு துளி பெசகாது. என் தம்பியப் பத்தி எனக்குத் தெரியும்."

அறையில் அன்று மாணவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் இனி மறைக்க முடியாது.

"காலையில மூணு, ராத்திரி மூணு" என்றார் பழனிவேல்.

தில்லையம்மாள் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டார். பழனிவேல் முதலிலிருந்து சொன்னார்: நாற்பத்தெட்டு, கிலோவுக்குப் புள்ளி ஒன்று, அறுபத்தொன்று, ஃபைல் அட்டை. டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். அட்டையில் இருப்பது ஆபரேஷன் அன்றைய எடை, அது மாறாது, உள்ளே ஒவ்வொரு தடவை நிறுத்த எடையும் இருக்கிறது என்று காட்டினார்.

"முதல் நாள் உங்க உடம்பு இந்த மருந்தை எப்படி எடுத்துக்கும்னு எனக்குத் தெரியாது. கையில இருந்தது எடை மட்டும்தான். அதை வச்சு ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் ரத்தத்துல மருந்து எவ்வளவு நிக்குதுன்னு பார்த்துத்தான் கூட்டுறது, குறைக்கிறது. நீங்க ஏத்திக்கிட்ட பதினஞ்சு கிலோவும் கொழுப்பு, பழனிவேல். அது பங்கு கேக்காது. நீங்க அதுக்கும் சேர்த்துப் படி அளந்திருக்கீங்க. எல்லாம் கிட்னி தலையில விழுந்திருக்கு."

அன்று இரவு மாத்திரை வேண்டாம், மறுநாள் காலையிலிருந்து ஒன்றரை, ஒன்றரை என்று எழுதினார். ரத்தம் சென்னைக்குப் போய்த்தான் மருந்தின் அளவு தெரிந்துவரும். முடிவு வழக்கம்போலத் தபாலில் வரும். அளவு அதிகம் என்று வந்து, அடுத்த மாதம் 1.9 இறங்கினால் பிழைத்தோம். இறங்காவிட்டால் ஊசி.

பஸ்ஸில் தில்லையம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அரியாங்குப்பம் போயிற்று, தவளக்குப்பம் போயிற்று. ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாதவளுக்கு அது பெரிய விஷயம். கடலூர் பஸ் நிலையத்தில் இறங்கும்போதுதான் சொன்னாள்.

"அம்பது வருஷம் என் வயித்துல வச்சிருந்தேன். ஒரு நாள்கூட அது ஒரு தொந்தரவும் பட்டதில்ல."

அவர் அவளுடைய பையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

மறுநாள் மத்தியானம் மெஸ்ஸுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்து, போகாவிட்டால் அது இன்னும் தப்பாகும் என்று போனார். தில்லையம்மாள் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. தங்கராசுதான் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு கரண்டி சோறு, கீரை மசியல், ஒரு துண்டு மீன். நெய் இல்லை.

"அவ பேசலன்னு நெனைக்காத மச்சான்" என்றார் தங்கராசு தாழ்ந்த குரலில். "ஒரு கரண்டி, ஒரு கரண்டின்னு என்கிட்ட நாலு வாட்டி சொல்லி அனுப்பிச்சா. நேத்துலேருந்து என்கிட்ட அவ பேசினதே அதான் ஜாஸ்தி."

பழனிவேலுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு கரண்டிச் சோற்றை மெதுவாகச் சாப்பிட்டார்.

தபால் மெஸ் விலாசத்துக்குத்தான் வரும். பகலில் அவர் இருக்குமிடம் அதுதான் என்பதால், ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் தில்லையம்மாள் மெஸ் என்று விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையைக் கொடுத்துவிட்டு வருவார். அந்த உறை வந்த அன்று தில்லையம்மாள் அதைப் பிரிக்கவில்லை. அரிசி டிரம்மின் மூடிமேல் வைத்துவிட்டு, ஈரக்கையோடு யாரும் அந்தப் பக்கம் போகாதபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பழனிவேல் வந்து பிரித்தார். ரத்தத்தில் மருந்து ஐந்திலிருந்து எட்டுக்குள் நிற்க வேண்டியது, பதினேழுக்கு மேல் இருந்திருக்கிறது. மருந்து கூடிப் போனதுதான் காரணமாக இருக்கும், எழுதிக் கொடுத்த அளவை மாற்றாமல் சாப்பிட்டுவிட்டு வரவும் என்று டாக்டர் கீழே தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார்.

அவர் வாசித்து முடித்ததும் தில்லையம்மாளுக்கு வாய் திறந்தது. அத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது ஒரேயடியாக வந்தது.

"லோடு ஜாஸ்தியாயிடுச்சின்னு டிரைவருக்கு ரெண்டு பேட்டா குடுப்பாங்களாடா? அந்த மேடையில இத்தன வருஷம் உக்காந்து இதுகூடத் தெரியல ஒனக்கு."

"லோடு ஏத்தினது யாரு?" என்றார் தங்கராசு கல்லாவிலிருந்து.

மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து லாரிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். தில்லையம்மாள் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் அது உறைத்துவிட்டது. தான் போட்ட இரண்டாவது கரண்டிகளையும் அவள் அன்றைக்கே தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

20-2-2007 அன்று கிரியாட்டினின் 1.3. கை நடுக்கம் நின்றுபோயிருந்தது. ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் பழனிவேல் எழுந்து நின்று கும்பிட்டார். தில்லையம்மாள் உட்கார்ந்தபடியே தாளை எட்டிப் பார்த்தாள்.

"முன்னாடி ஒன்னு புள்ளி ரெண்டுதான இருந்துச்சு? பாக்கி பாயிண்ட் ஒன்னு எங்க?"

அந்த அளவு ஏற்ற இறக்கம் யாருக்கும் இருக்கும், அதை ஒரு பொருட்டாக நினைக்க வேண்டாம் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவளுக்கு ஒப்பவில்லை. கொடுத்த பொருளில் புள்ளி ஒன்று குறைகிறது என்றுதான் மனசில் பதிந்தது. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு தடவை புதுச்சேரி போய் வரும்போதும் வாசலிலேயே கேட்பாள்: "என்னா, பாயிண்ட் ஒன்னு வந்துச்சா?" வரவில்லை. 1.3, 1.3, ஒரு தடவை 1.4, மறுபடி 1.3.

இதில் பழனிவேலுக்கு வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள். எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ஒரு கரண்டிச் சோறும் தினம் ஒரு மணி நேர நடையும் அதைப் பார்த்துக்கொண்டன. சாயங்காலம் சிதம்பரத்தில் பஸ் இறங்கி நேரே வீட்டுக்குப் போகாமல் தேரோடும் வீதி நாலையும் சுற்றிவிட்டுப் போவார். சந்திரலேகா கீழவீதி முனையில் வந்து சேர்ந்துகொள்வாள். பூக்கடையில் நிற்பாள், அவர் நிற்காமல் போவார், பிறகு அவள் வேகமாக வந்து பிடிப்பாள். ஐம்பத்தெட்டு கிலோவில் உடம்பு நின்றது. மருந்தும் மெல்ல மெல்லக் குறைந்து காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஆயிற்று. ஏன் குறைகிறது என்று இப்போது அவர் கேட்பதில்லை. எடைமேடையில் கையெழுத்து நேராக விழுந்தது. யாராவது தாளில் தப்பான எண்ணோடு வந்தால், முன்போலத் தானே மாற்றாமல், "ஒரு நிமிஷம், கேட்டுக்கறேன்" என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். குமாஸ்தாக்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர் பொருட்படுத்தவில்லை.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி விடிகாலையில் ‘தானே’ என்ற புயல் கடலூரில் கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்தன. வாரக் கணக்கில் கரண்ட் இல்லை; கரண்ட் இல்லாத எடைமேடை வெறும் இரும்புத் தகடு. மெஸ்ஸின் கூரைத் தகடுகள் பறந்துபோய் எதிர்ப்புறத்து வாய்க்காலில் கிடந்தன. பழனிவேல் மாத்திரைகளை இரண்டு பாலிதீன் பையில் கட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஓடிய அளவுக்குப் பஸ்ஸிலும் மிச்சத்தை நடந்தும் கடலூர் வந்தார். மரக்கிளைகளை இழுத்துப் போட்டார். தகடுகளைத் தேடி எடுத்துத் தங்கராசுவோடு சேர்ந்து கூரை போட்டார். வேலை கனம், சோறு கம்மி. எட்டு மணி மாத்திரை மட்டும் ஒரு வேளை தவறவில்லை.

24-1-2012 அன்று புதுச்சேரியில் நிறுத்தபோது ஐம்பத்து மூன்று. ஒரு மாதத்தில் ஐந்து கிலோ போயிருந்தது. டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வரட்டும் என்றார். முடிவு வரவில்லை. தபால் எல்லாம் புயலுக்குப் பிறகு தாறுமாறாகக் கிடந்தது. ஒரு வாரம் போயிற்று, இரண்டாவது வாரமும் நகர்ந்தது.

பஸ்ஸில் புதுச்சத்திரம் வரும்போது மாத்திரையைக் கையில் எடுப்பார். மனசு தானாகவே கணக்குப் போடும். ஐம்பத்தெட்டுக்கு இரண்டு என்றால் ஐம்பத்து மூன்றுக்கு எவ்வளவு? மருந்து மறுபடியும் கூடிப் போயிருக்குமோ? காலையில் ஒன்றை விட்டுவிடலாமா? விரலை விரித்துப் பார்ப்பார். நடுங்கவில்லை. பெருக்குகிற மனசைத் தடுக்க முடியாது. அது பழகிய பழக்கம். பெருக்கி வந்த எண்ணை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, எழுதிக் கொடுத்த ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்.

"எளைச்சுட்டியே, மாத்திரைய எதாச்சும் மாத்தினியா?" என்று தில்லையம்மாள் ஒரு நாள் கேட்டாள்.

"இல்லக்கா. கடிதாசி வரட்டும்."

"அதான்" என்றாள் அவள். அவ்வளவுதான். பாதிக் கரண்டி சோறு கூடப் போட்டாள். உடனே நினைவு வந்து அதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

உறை வந்தது ஒரு வியாழக்கிழமை. ஓரமெல்லாம் நைந்து, மழையில் நனைந்து காய்ந்த தடத்தோடு. புதுக் கூரையின் கீழ், அதே அரிசி டிரம்மின் மேல் அது இருந்தது. பழனிவேல் கை கழுவித் துடைத்துவிட்டுப் பிரித்தார். தில்லையம்மாள் கரண்டியும் கையுமாக அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். தங்கராசு கல்லாவை மூடிவிட்டு வந்தார்.

ரத்தத்தில் மருந்து 6.1, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மாத்திரையை மாற்ற வேண்டாம். எடை இரண்டு மூன்று கிலோ கூடலாம், அவசரமில்லை. மூன்று மாதம் கழித்து வந்தால் போதும். இனி முடிவுகள் செல்போனுக்குச் செய்தியாக வந்துவிடும், உறை கொண்டுவர வேண்டாம். அதற்கும் மேலே, முதல் வரியில், தில்லையம்மாள் விரல் வைத்த இடத்தில்: கிரியாட்டினின் 1.2.

"வந்துடுச்சு" என்றாள் அவள். கரண்டியைத் தங்கராசுவிடம் கொடுத்துவிட்டு, தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தம்பிக்குத் தட்டு எடுத்துவந்தாள். ஒன்றரைக் கரண்டி சோறு, நெய் ஒரு சொட்டு.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி 9-2-2012.